பண்ணைக்குட்டையா, தலைமடையா, வரப்பு வெட்டா? பெருநிறை விண்மீன் பிறப்பில் எதைப் புராஜெக்டுக்கு எடுப்பது

சம்பா கதிர் பால் பிடிக்கும் நேரத்தில்தான் எனக்கு இந்தக் கேள்வி வரும். ஊரே வயலைப் பார்த்துக்கொண்டிருக்க, எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி செமஸ்டரில் கால் வைத்த பிள்ளைகள் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு என் திண்ணைக்கு வருவார்கள். இந்த ஆண்டு மூன்று பேர். ஒருவர் மன்னார்குடி, ஒருவர் திருத்துறைப்பூண்டி, ஒருவர் கும்பகோணம். மூவருக்கும் பிடித்துப்போன தலைப்பு ஒன்றுதான்: அடர்ந்த இளம் விண்மீன் கொத்துகளுக்குள் பெருநிறை விண்மீன்கள் எப்படிப் பிறக்கின்றன. சிக்கிக்கொண்ட இடமும் ஒன்றுதான். "மூணு கோட்பாடு இருக்கு சார். எதை எடுத்தா நல்லது?"

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. எந்தக் கோட்பாடு உண்மைக்கு அருகில் இருக்கிறது என்பது ஒன்று. ஐந்து மாதத்தில், ஒரு லேப்டாப்பையும் மழை வந்தால் படுத்துவிடும் இணையத்தையும் வைத்துக்கொண்டு எதைச் செய்து முடிக்கலாம் என்பது இன்னொன்று. நான் இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறேன்.

## தகராறு எதில் இருக்கிறது

சூரியனைப்போல எட்டு மடங்குக்கு மேல் நிறை உள்ளதைப் பெருநிறை விண்மீன் என்கிறோம். கண்ணுக்குப் பழகிய எடுத்துக்காட்டு வேண்டுமானால் திருவாதிரைக்குக் கீழே ஓரியன் நெபுலா. அதன் நடுவில் நெருங்கி நிற்கும் நான்கு விண்மீன்களுக்கு ட்ரபீசியம் என்று பெயர். அதில் மூத்த தடியன் தீட்டா1 ஓரியானிஸ் சி. நிறை 30 முதல் 40 சூரியன் வரை, ஒளி சுமார் இரண்டு லட்சம் சூரியன். அந்த நெபுலா முழுவதும் ஒளிர்வதற்கு முதல் காரணம் இந்த ஒற்றை ஆள்.

சிறிய விண்மீன் சாவகாசமாகச் சுருங்கி, வாயு வரத்து ஏறக்குறைய நின்ற பிறகுதான் ஹைட்ரஜனைப் பற்றவைக்கும். பெரியதற்கு அந்தப் பொறுமை கிடையாது. அது சுருங்க எடுக்கும் காலம், வாயு வந்து சேர எடுக்கும் காலத்தைவிடக் குறைவு. உலை கொதித்த பின்னும் அரிசி வந்துகொண்டே இருக்கிறது. இப்படி எரிகிற விண்மீனின் ஒளி, உள்ளே வரும் வாயுவோடு கலந்த தூசைப் பிடித்து வெளியே தள்ளும். 1971-ல் லார்சனும் ஸ்டார்ஃபீல்டும் இந்தச் சிக்கலை எடுத்துவைத்தார்கள். 1974-ல் கான் போட்ட கணக்குப்படி சுமார் 40 சூரிய நிறையோடு கதை முடிந்துவிட வேண்டும். ஆனால் அதற்கு மேலும் விண்மீன்கள் இருக்கின்றன.

விடை வட்டில் இருந்தது. வாயு எல்லாப் பக்கமிருந்தும் சமமாகக் கொட்டாமல் சுழலும் வட்டு வழியாக நடுக்கோட்டில் வந்தால், ஒளி மேலும் கீழும் துருவங்கள் வழியாக வெளியேறிவிடும். 2009-ல் குரும்ஹோல்ஸ் குழு 100 சூரிய நிறை வாயுவை முப்பரிமாணக் கணினிக் கணிப்பில் சரியவிட்டுப் பார்த்தபோது, கடைசியில் சுமார் 41, 29 சூரிய நிறை கொண்ட இரட்டை விண்மீன் மிஞ்சியது. ஒளியின் அழுத்தம் வாயு வரத்தை நிறுத்தவில்லை. ஆகவே புராஜெக்டின் முதல் அத்தியாயத்தில் இதற்கு நான்கு பக்கம் போதும். இருபத்தைந்து பக்கம் எழுதிக்கொண்டு வருகிறார்கள், எங்கிருந்து எடுத்தது என்று எனக்கும் தெரியும், வெளியிலிருந்து வரும் தேர்வாளரான எக்ஸ்டர்னலுக்கும் தெரியும்.

மீதித் தகராறு முழுவதும் ஒரே கேள்வியில் நிற்கிறது: விண்மீனில் சேர்ந்த நிறை முன்கூட்டியே ஓர் இடத்தில் தேங்கியிருந்ததா, வளர வளர வெளியிலிருந்து வந்ததா, அல்லது இன்னொரு விண்மீனோடு சேர்ந்து வந்ததா? டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஒரு மா நிலம் விளைந்ததென்றால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்போம் இல்லையா, அந்தக் கேள்விதான். அதனால்தான் மூன்று விடைக்கும் வரிசையாகப் பண்ணைக்குட்டை, தலைமடை, வரப்பு வெட்டு என்று பெயர் வைத்திருக்கிறேன்.

## எதை வைத்து எடை போடுகிறேன்

முதல் எடைக்கல், அந்தக் கோட்பாட்டுக்கு வானத்தில் கிடைத்திருக்கும் சான்று. இரண்டாவது, அதை மறுக்கும் சான்று. இதைத் தெரியாமல் வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, போகக்கூடாது. மூன்றாவது, வீட்டில் உட்கார்ந்து இலவசமாக எடுக்கக்கூடிய தரவு. நான்காவது மறைசெலவு: நாள், டிஸ்க் இடம், புரியாத மென்பொருள், கடைசி மாதத்தில் வரும் கண்ணீர்.

## பண்ணைக்குட்டை: கரு சரிந்து பிறப்பது

குட்டை வெட்டியாயிற்று, மழை நிரப்பியாயிற்று. எவ்வளவு விளையும் என்பது குட்டையின் அளவைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மெக்கீயும் டானும் 2002-லும் 2003-லும் எழுதிய கொந்தளிப்புக் கரு மாதிரி இதைத்தான் சொல்கிறது. பெருநிறை விண்மீன் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு வாயுக் கரு உண்டு. உள்ளே இருக்கும் கொந்தளிப்பும் காந்தப்புலமும் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. பிறகு கரு மொத்தமாகச் சரிகிறது. 60 சூரிய நிறை கொண்ட கருவின் ஆரம் ஒளியாண்டில் ஐந்தில் ஒரு பங்குதான், அவ்வளவு அடர்த்தி. ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒரு சூரிய நிறை, அதாவது ஏறக்குறைய ஒரு வியாழன், உள்ளே விழும். ஒரு லட்சம் ஆண்டில் வேலை முடிந்துவிடும்.

இதன் அழகு, சிறிய விண்மீனும் பெரிய விண்மீனும் ஒரே சமையல் குறிப்பில் வருவது. வட்டு இருக்க வேண்டும், துருவ வழியே தாரை பீய்ச்ச வேண்டும் என்கிறது. இரண்டும் கிடைத்திருக்கின்றன. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் 5,000 மீட்டர் உயரத்தில் 66 ஆன்டெனாக்களோடு இருக்கும் ஆல்மா தொலைநோக்கி பல பெருநிறைக் குழவிகளைச் (இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் விண்மீன்களைச்) சுற்றி வட்டுகளைக் காட்டியிருக்கிறது. 2023 நவம்பரில் நமது பால்வீதிக்கு வெளியே, பெரிய மகெல்லன் மேகத்தில் உள்ள ஒரு பெருநிறைக் குழவியைச் சுற்றியும் சுழலும் வட்டு இருப்பதாக அறிவித்தார்கள். ஓரியனில் சோர்ஸ் ஐ என்ற சுமார் 15 சூரிய நிறைக் குழவியின் வட்டில் 2019-ல் சாப்பாட்டு உப்பே கிடைத்தது, சோடியம் குளோரைடு. வேதாரண்யத்துப் பிள்ளை ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "அங்கேயும் பாத்தி கட்டியிருப்பாங்களா சார்" என்றார்.

சிக்கல் குட்டையில் இல்லை, குட்டையைக் கண்டுபிடிப்பதில். இன்னும் விண்மீன் உருவாகாத, நிறைந்து நிற்கும் பெரிய கருக்கள் நிறையத் தென்பட வேண்டும். 2019-ல் ஆல்மாவால் 12 இருண்ட வாயுத் திரள்களைத் துழாவிய சன்ஹூசா குழு 294 கருக்களை எண்ணியது. விண்மீன் பிறக்காத கருக்களில் ஒன்றுகூட 30 சூரிய நிறையைத் தாண்டவில்லை. மற்ற இடங்களில் ஓரிரண்டு வேட்பாளர்கள் உண்டு, அவ்வளவுதான். இன்னொரு குடைச்சல்: குளிர்ந்த வாயு இயல்பாகவே சூரிய நிறை அளவுத் துண்டுகளாக உடையும். அறுபது சூரிய நிறை உடையாமல் ஏன் நின்றது என்பதற்கு, அடர்த்தியான வாயுவை முதலில் பிறந்த சிறு விண்மீன்களே சூடாக்கி உடையாமல் காக்கின்றன என்று ஒரு பதில் இருக்கிறது. காந்தப்புலமும் துணைக்கு வரும்.

புராஜெக்டாக எடுத்தால் என்ன செய்யலாம்? ஸ்பிட்சர், ஹெர்ஷல் தொலைநோக்கிகளின் அகச்சிவப்புத் தரவு இலவசம். ஒரு குழவியின் பல அலைநீள ஒளியளவுகளைத் தொகுத்து, ஸாங்கும் டானும் 2018-ல் வெளியிட்ட மாதிரித் தொகுப்போடு பொருத்தினால் கருவின் நிறை, விண்மீனின் நிறை எல்லாம் கிடைக்கும். இரண்டு மாதத்தில் முடியும். படமும் பார்க்க நன்றாக இருக்கும்.

மறைசெலவு இங்கேதான் பதுங்கியிருக்கிறது. அந்த மாதிரித் தொகுப்பே கொந்தளிப்புக் கரு உண்மை என்று வைத்துக்கொண்டு கட்டியது. பொருந்துகிறது என்பதால் கோட்பாடு நிரூபணம் ஆகாது. குட்டையின் நீளம் அகலத்தை அளக்கும் கருவியை வைத்துக்கொண்டு, தண்ணீர் வாய்க்காலில் வந்ததா என்று கேட்கிற கதை. ஒரே ஒளியளவுக்கு மிகவும் வேறுபட்ட பத்து விடைகள் பொருந்துவதும் வழக்கம். ஆல்மாவின் மூலத்தரவையே எடுக்கிறேன் என்று கிளம்பினால், ஒரு கோப்பு நூறு ஜிகாபைட்டைத் தாண்டலாம், அதைப் பதப்படுத்த காசா என்ற மென்பொருளைப் படிக்கவே ஒரு மாதம் போகும். வெளியான கரு அட்டவணைகளை விசியர் என்ற வானியல் அட்டவணைத் தளத்தில் எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

## தலைமடை: போட்டி போட்டுத் திரட்டுவது

இதை நம் ஊரில் விளக்கவே தேவையில்லை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால், கல்லணை தாண்டி வெண்ணாறும் வெட்டாறும் அரசலாறும் பிரிந்து, தலைமடைக்காரர் குறுவை நட்டு முடித்த பிறகும் கடைமடையில் வாய்க்கால் வெடித்துக் கிடக்கும். நிலம் ஒன்று, விதை ஒன்று, உட்கார்ந்த இடம் வேறு.

பானல், பேட், கிளார்க், பிரிங்கிள் நால்வரும் 1997-லும் 2001-லும் முன்வைத்த போட்டித் திரட்டல் கோட்பாட்டில் எல்லா விண்மீனும் ஏறக்குறைய ஒரே அளவு விதையாகத்தான் தொடங்குகிறது. கொத்தின் ஈர்ப்புப் பள்ளத்தின் நடுவில் உட்கார்ந்த விதைக்கு வாயு வந்து விழுந்துகொண்டே இருக்கும், ஓரத்து விதை காயும். (ஒப்புமை ஓர் இடத்தில் உடைகிறது. நம் தலைமடை மேட்டில் இருக்கிறது, விண்மீனின் தலைமடை பள்ளத்தில். வகுப்பில் சொல்லும்போது மறக்காமல் இதையும் சொல்லிவிடுங்கள்.) விண்மீன் பிடிக்கும் வாயு அதன் நிறையின் இருமடிக்கு நேர்விகிதம், நிறை இரட்டித்தால் வரத்து நான்கு மடங்கு. பணம் பணத்தோடு சேரும் என்பதன் சூத்திரம். அதே சூத்திரத்தில் வாயுவுக்கும் விண்மீனுக்கும் இடையிலான வேகத்தின் மும்மடி கீழே நிற்கிறது. வேகம் கூடினால் வரத்து சட்டென்று விழுந்துவிடும்.

சான்றுகள் மூன்று. பெருநிறை விண்மீன்கள் கொத்தின் நடுவிலேயே குவிந்திருக்கின்றன. ட்ரபீசியமே அதற்கு முதல் படம். கொத்து பெரிதானால் அதன் மிகப்பெரிய விண்மீனும் பெரிதாகிறது என்று 2006-ல் வைட்னரும் குரூபாவும் ஓர் உறவைக் காட்டினார்கள். மூன்றாவது, மேலே சொன்ன அதே 294 கருக்கள்: பெரிய குட்டையே தென்படவில்லை என்றால் தண்ணீர் வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

மறுப்பும் கூர்மையானது. 2005-ல் நேச்சர் இதழில் குரும்ஹோல்ஸ், மெக்கீ, கிளைன் மூவரும் அந்த மும்மடி வேகத்தைத்தான் பிடித்தார்கள். உண்மையான முகிலின் கொந்தளிப்பு வேகத்தில், விதை தன் நிறையைக் கணிசமாகக் கூட்டவே முடியாது என்றார்கள். வாயு சமநிலையில் இல்லை, மொத்தமாகச் சரிந்துகொண்டிருக்கிறது, அதனால் உள்ளூரில் வேகம் குறைவு என்று பானலும் பேட்டும் மறுத்தார்கள். இருபது ஆண்டாகியும் இந்தச் சண்டை முழுதாகத் தீரவில்லை. கொத்தே இல்லாமல் தனியே நிற்கும் ஓ வகை விண்மீன்கள் (மிகச் சூடான, பெருநிறை வகை) இன்னொரு தலைவலி. அவற்றில் பெரும்பகுதி ஏதோ ஒரு கொத்திலிருந்து தூக்கி எறியப்பட்டவை. ஏஇ ஆரிகே, மியூ கொலம்பே இரண்டும் சுமார் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஓரியனிலிருந்து எதிரெதிர்த் திசையில் பறந்தவை. இருந்தாலும் 2005-ல் டி விட் குழு ஆராய்ந்தபோது, ஓ வகையில் சுமார் 4 விழுக்காட்டுக்குப் பிறந்த கொத்து எதுவும் அகப்படவில்லை.

இனி, என் கைடுத்தனத்தில் நடந்த தவறு ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் கையா விண்வெளித் தொலைநோக்கியின் தரவை எடுத்து, ஓரியன் கொத்தில் பெரியவை நடுவில் குவிந்திருப்பதை மிகச் சுத்தமாகக் காட்டினான். "ஆகவே போட்டித் திரட்டல் உண்மை" என்று முடிவுரை. நானும் கையெழுத்துப் போட்டேன். வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்ட ஒரே கேள்வி: "சந்திரசேகர் 1943-ல் என்ன எழுதினார், தம்பி?" பையன் என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

1943-ல் சந்திரசேகர் எழுதியது இயக்க உராய்வு பற்றி. கூட்டத்தின் நடுவே போகும் கனமான பொருள் சிறியவற்றைத் தன் பின்னால் இழுத்து, அந்த இழுப்பிலேயே வேகம் இழந்து நடுவை நோக்கிச் சரியும். ஆகவே நடுவில் இருப்பதால் மட்டும் நடுவில் பிறந்ததாக ஆகாது, பிறகு வந்து சேர்ந்திருக்கலாம். அரை சூரிய நிறை சராசரியாக உள்ள கொத்தில் 40 சூரிய நிறை விண்மீன், கொத்து கலந்து அடங்கும் காலத்தில் சுமார் எண்பதில் ஒரு பங்கிலேயே நடுவுக்கு வந்துவிடும். 2009-ல் ஆலிசன் குழுவின் கணிப்பில், திட்டுத் திட்டாகத் தொடங்கும் குளிர்ந்த கொத்து பத்து லட்சம் ஆண்டுக்குள்ளேயே இப்படிப் பிரிந்துவிட்டது. ஓரியன் கொத்தின் வயதும் கிட்டத்தட்ட அதுதான், பத்து முதல் முப்பது லட்சம் ஆண்டு.

இத்தனைக்குப் பிறகும் எனக்கு இந்தத் தலைப்புதான் பிடிக்கிறது. காரணம் தரவு. கையா மூன்றாம் வெளியீடு 2022 ஜூனில் வந்தது, யாரும் எடுத்துக்கொள்ளலாம், ஒரு கொத்துக்குச் சில மெகாபைட்தான். நடுக்குவிவை அளக்க ஆலிசன் குழுவின் முறை மிகவும் எளியது. மிகப்பெரிய பத்து விண்மீன்களை ஆகக் குறைந்த நீளமுள்ள கயிற்றால் இணைத்துப் பாருங்கள். பிறகு அதே கொத்தில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த பத்துப் பத்து விண்மீன்களை ஆயிரம் முறை இணைத்துப் பாருங்கள். பெரியவற்றின் கயிறு எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு குவிவு. பைத்தானில் நூறு வரி வராது.

மறைசெலவு, ஓரியனைத் தேர்ந்தெடுத்தால் அதிகம். நெபுலா ஒளியும் நெரிசலும் சேர்ந்து, சரியாக நடுவில்தான் கையா பல விண்மீன்களைத் தவறவிடுகிறது. தூசுக்குப் பின்னால் இருப்பவை தெரியவே தெரியாது. விருச்சிகத்தின் வாலில் என்ஜிசி 6231 இருக்கிறது. சுமார் 5,000 ஒளியாண்டுக்கு மேல் தொலைவு என்றாலும் வாயு கலைந்துவிட்ட, தூசு குறைந்த, ஓ விண்மீன்கள் நிறைந்த கொத்து. அதில் வேலை நிம்மதியாக ஓடும். ஆனால் வயது சில மில்லியன் ஆண்டு என்பதால் சந்திரசேகரின் கேள்வி அங்கே இன்னும் பலமாக எழும். அதைத் தவிர்க்க நினைக்காமல் அதையே அத்தியாயம் ஆக்குங்கள்: இவ்வளவு குவிவு இந்த வயதுக்குள் உராய்வால் மட்டும் வந்திருக்க முடியுமா என்று கணக்குப் போடுங்கள். முடியும் என்று வந்தாலும் அது நேர்மையான முடிவுதான்.

## வரப்பு வெட்டு: மோதி ஒன்றாவது

இரண்டு வயலுக்கு நடுவே வரப்பை வெட்டிவிட்டால் ஒரே வயல். பானல், பேட், ஸின்னெக்கர் 1998-ல் சொன்னது இதைத்தான். ஒளியழுத்தம் வாயுவைத் தடுத்தால் தடுக்கட்டும், நடுத்தர விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்தால் அழுத்தம் என்ன செய்யும்?

ஆனால் மோத வேண்டுமென்றால் நெரிசல் வேண்டும். ஒரு கன பார்செக்கில் (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு) சுமார் பத்துக் கோடி விண்மீன்கள். சராசரி இடைவெளி ஏறக்குறைய 450 வானியல் அலகு (சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தொலைவு ஓர் அலகு), நெப்டியூன் தொலைவைப்போல பதினைந்து மடங்கு. இன்று ஓரியன் கொத்தின் நடுவில் கன பார்செக்குக்குச் சில பத்தாயிரம்தான். ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. இரட்டை விண்மீன்கள் சேர்வதைக் கணக்கில் எடுத்தால் பத்து லட்சம் போதும் என்று 2005-ல் பானலும் பேட்டும் இறக்கிக் காட்டினார்கள். அதுவும் சாதாரண நெரிசல் அல்ல. வட்டு இருந்தால் வாயு வரும் என்று தெரிந்த பிறகு, எல்லாப் பெருநிறை விண்மீனுக்கும் மோதல்தான் வழி என்று சொல்லும் தேவையும் போய்விட்டது.

ஆகவே பொது விதியாக இதை நான் நம்பவில்லை. அபூர்வ விதியாக, நம்புகிறேன். பெரிய மகெல்லன் மேகத்தில் ஆர்136 கொத்தின் ஏ1 விண்மீனுக்கு 2010-ல் கிரௌதர் குழு இன்றைய நிறை சுமார் 265 சூரியன், பிறந்தபோது 320 என்றது. 2022-ல் கூர்மையான படம் வந்ததும் இன்றைய நிறை சுமார் 200-க்குள் இறங்கியது. இறங்கினாலும் ராட்சசன்தான், அப்படிப்பட்டவை இரட்டைகள் சேர்ந்து வந்திருக்கலாம் என்று பானர்ஜி, குரூபா, ஓ 2012-ல் கணித்தார்கள்.

நம் பக்கத்திலும் ஒரு விபத்து நடந்திருக்கிறது. ஓரியனில் ட்ரபீசியத்துக்குப் பின்னால் புதைந்த பிஎன் என்ற விண்மீனும், உப்பு கிடைத்த அந்த சோர்ஸ் ஐ-யும் ஒரே புள்ளியிலிருந்து விலகி ஓடுகின்றன. பின்னோக்கிக் கணக்குப் போட்டால் சுமார் 500 ஆண்டுக்கு முன் ஒன்றாக இருந்திருக்கின்றன. ஒளி வந்து சேர எடுக்கும் 1,300 ஆண்டைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், தஞ்சையில் நாயக்கர் ஆட்சி தொடங்குவதை ஒட்டிய காலத்துச் சம்பவம். அதே புள்ளியிலிருந்து வாயு விரல் விரலாக எல்லாத் திசையிலும் வெடித்துப் பாய்ந்திருக்கிறது. மூன்று நான்கு குழவிகள் நெருங்கிச் சண்டையிட்டு, இரண்டு இறுகப் பிணைந்தோ ஒன்றாகியோ மற்றவற்றை உதைத்துவிட்டன என்பது பெரும்பாலோர் கருத்து.

ஒரு எச்சரிக்கை. 2012-ல் சனா குழு, ஓ வகை விண்மீன்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் வாழ்நாளில் துணையோடு நிறையைப் பரிமாறிக்கொள்ளும், அவற்றில் மூன்றில் ஒரு பங்கு சேர்ந்தே போகும் என்றது. கேட்டைக்குப் பக்கத்தில் வெறுங்கண்ணுக்கே தெரியும் டாவ் ஸ்கார்ப்பியின் வலுவான காந்தப்புலம் இப்படி ஒரு சேர்க்கையின் தழும்பு என்று கருதுகிறார்கள். இவையெல்லாம் வளர்ந்த பிறகு நடந்த கலியாணம். பிறப்பில் நடந்த மோதலுக்குச் சான்றாக இவற்றைக் காட்டினால் வைவாவில் மாட்டுவீர்கள்.

புராஜெக்ட் என்றால் கணினிக் கணிப்புதான். லைடனில் உருவான அம்யூஸ் என்ற கணிப்பு மென்பொருள் இலவசம். ஆயிரம் விண்மீன்களை லேப்டாப்பில் ஓடவிட்டு, அடர்த்தியைக் கூட்டக் கூட்ட மோதல் எப்போது தொடங்குகிறது என்று பார்க்கலாம். கணிப்பில் கை ஓடுகிறவருக்கு இதைவிட ஜாலியான தலைப்பு இல்லை. மறைசெலவு: நிறுவவே பத்து நாள் ஆகலாம், இரவு முழுக்க ஓடும்போது மின்சாரம் போனால் முதலிலிருந்து. இடையிடையே சேமிக்கும் வரியை முதல் நாளே எழுதுங்கள். வாயு இல்லாத கணிப்பு என்பதால், பிறப்பைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை குறைவு என்பதையும் முன்னுரையிலேயே ஒத்துக்கொள்ளுங்கள்.

## மூன்றும் ஒரே பார்வையில்

| எடைக்கல் | பண்ணைக்குட்டை | தலைமடை | வரப்பு வெட்டு |
|---|---|---|---|
| நிறை எங்கிருந்து | முன்பே தேங்கிய கருவிலிருந்து | வளரும்போது கொத்து முழுவதிலிருந்து | மற்ற விண்மீனிலிருந்து |
| பலம் | வட்டுகள், தாரைகள் | நடுக்குவிவு, பெரிய கொத்தில் பெரிய விண்மீன் | ஓரியன் பிஎன் விபத்து, ஆர்136 ராட்சசர்கள் |
| பலவீனம் | விண்மீன் பிறக்காத பெரிய கருக்கள் தென்படாதது | வேகத்தின் மும்மடி, தனித்த ஓ விண்மீன்கள் | தேவையான நெரிசல் |
| தரவு | ஸ்பிட்சர், ஹெர்ஷல், விசியர் அட்டவணை | கையா | சொந்தக் கணிப்பு |
| மறைசெலவு | வட்டமடிக்கும் தர்க்கம், பெரிய கோப்புகள் | சந்திரசேகரின் கேள்வி | மின்வெட்டு, வாயு இல்லாமை |

## கல்லணையைத் தலைகீழாகப் பிடித்தால்

நாலாவதாக ஒன்றைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்றுவதாகும். கல்லணையில் ஒரு ஆறு பலவாகப் பிரிகிறது. அந்தப் படத்தை எதிர்த்திசையில் ஓடவிடுங்கள்: பல வாய்க்கால்கள் ஓடிவந்து ஒரு முடிச்சில் சேரும். விண்முகிலில் உள்ள வாயு இழைகள் அப்படித்தான் நடந்துகொள்கின்றன. எஸ்டிசி335 என்ற முகிலில் இழைகள் சந்திக்கும் இடத்தில் 545 சூரிய நிறை கொண்ட ஒற்றைக் கருவை 2013-ல் பெரெட்டோ குழு ஆல்மாவில் கண்டது. 2020-ல் நந்தகுமார் குழு ஹெர்ஷல் தரவில் சுமார் 35,000 திரள்களைப் பார்த்து, அவற்றில் 3,700 அளவில் இழைமுடிச்சுகள் என்று பிரித்தது. அருகில் உள்ள மிகப் பிரகாசமான திரள்கள் எல்லாமே முடிச்சுகளில்தான் இருந்தன.

குட்டையா வாய்க்காலா என்ற சண்டையை இது பாதி கரைத்துவிடுகிறது. குட்டை இருக்கிறது, ஆனால் அதற்கு வாய்க்கால் வந்துகொண்டே இருக்கிறது. வரத்து சீராகவும் இல்லை: எஸ்255 பகுதியில் சுமார் 20 சூரிய நிறை கொண்ட குழவி ஒன்று 2015-ல் திடீரென்று பிரகாசித்தது. இரண்டு வியாழன் அளவு வாயு ஒரேயடியாக விழுந்திருக்கிறது, முறை வைத்துத் திறந்த மதகுபோல. என் சாய்வு இந்தப் பக்கம்தான், அதிலும் தலைமடைக்குக் கொஞ்சம் நெருக்கமாக. ஆனால் ஐந்து மாதப் புராஜெக்டுக்கு இதை எடுக்காதீர்கள். இழையில் வாயு எந்த வேகத்தில் ஓடுகிறது என்று அளக்க நிறமாலை வரைபடங்கள் வேண்டும். அது பிஎச்.டி. வேலை.

## யாருக்கு எது

மன்னார்குடித் தம்பிக்கு அகச்சிவப்பு, கதிர்வீச்சுப் பாடத்தில் பிடிப்பு அதிகம், நிரலெழுத அவ்வளவு இஷ்டமில்லை. பண்ணைக்குட்டை அவருக்கு. ஒரு குழவியை எடுக்காமல் ஐந்தாறு குழவிகளை எடுக்கட்டும். "எந்தக் கோட்பாடு" என்ற வார்த்தை தலைப்பில் வரவே கூடாது. "இந்த மாதிரியின் கீழ் இந்தக் குழவிகளின் நிறை" என்று போட்டால் யாரும் கை வைக்க முடியாது.

கும்பகோணத்துத் தம்பியிடம் அண்ணன் விட்டுப்போன கேமிங் லேப்டாப்பும் வீட்டில் இன்வெர்ட்டரும் இருக்கின்றன. வரப்பு வெட்டு. வாயு பற்றி ஒரு வார்த்தைகூடக் கூடுதலாகப் பேசக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

திருத்துறைப்பூண்டிப் பாப்பாவுக்குத் தலைமடை. கடைமடையில் வளர்ந்தவருக்கு இந்தத் தலைப்பைக் கொடுத்ததில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். என்ஜிசி 6231-ல் கயிறு கட்டி முடித்த பிறகு நேரம் மிஞ்சினால், சால்பீட்டர் 1955-ல் தந்த நிறைப் பரவலிலிருந்து (எந்த நிறையில் எத்தனை விண்மீன் என்ற கணக்கு) பத்தாயிரம் போலிக் கொத்துகளைக் குலுக்கி எடுத்து, மிகப்பெரிய விண்மீன் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வைட்னர், குரூபா காட்டிய உறவு வெறும் குலுக்கலிலேயே வந்துவிடுகிறதா என்பது இன்னும் வாதத்தில் இருக்கிறது, அதற்கு ஒரு பக்கம் அவரும் எழுதட்டும்.

கூடவே மூவரும் பொங்கல் சமயத்தில் ஒரு நாள் கோடிக்கரைக்குப் போவதாகத் திட்டம். இரவு பத்து மணி வாக்கில் ஓரியன் நெபுலா தலைக்கு மேலே ஏறக்குறைய உச்சிக்கு வந்திருக்கும். அங்கிருந்து நேர் தெற்கே கடலை நோக்கிக் கண்ணை இறக்கினால், அடிவானத்துக்கு மேலே சுமார் பத்து டிகிரியில் ஆர்136 இருக்கும் திசை. இரண்டும் வானில் ஏறக்குறைய ஒரே தீர்க்கக் கோட்டில் இருப்பதால், ஒன்று உச்சம் தொடும்போதே மற்றதும் தொடும். மேலே இருப்பதை பைனாகுலரில் நிச்சயம் பார்க்கலாம். கீழே இருப்பது, பனிமூட்டம் இல்லாவிட்டால், மகெல்லன் மேகத்தின் மங்கல் திட்டாகத் தெரிந்தாலும் தெரியும். பைனாகுலர் என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. இன்னொன்றைப் பாப்பா கொண்டுவருகிறார்.